பங்களாத் தோட்டத்திலிருந்து கோபுர வீடு வரை

பெங்களூர் நகரின் நடுப்பகுதியில், கப்பன் பூங்காவின் மரச்செறிவு முடிவுபெறும் எல்லைக்கு அருகே, முற்காலத்தில் கிராண்ட் சாலை என்றும் இக்காலத்தில் விட்டல் மல்லையா சாலை என்றும் வழங்கப்பெறும் வீதியை ஒட்டி, 34 அடுக்குகள் கொண்ட மூன்று குடியிருப்புக் கோபுரங்கள் ஒரே வளாகத்தில் எழுந்து நிற்கின்றன. கிங்ஃபிஷர் டவர்ஸ் என்பது அவற்றின் பெயர். அவற்றின் பக்கத்திலேயே, 2008ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற யு.பி. சிட்டி என்னும் அலுவலக, அங்காடித் தொகுதி இருக்கிறது. இவ்விரண்டையும் பற்றிப் பத்திரிகைகளில் வருவன பெரும்பாலும் விலையையும், அங்கே வீடு வாங்கியவர்களின் செல்வத்தையும் குறித்தனவே. அந்த விலைக்கெல்லாம் மூலகாரணமான நிலத்துக்கு இருநூறு ஆண்டுச் சரித்திரம் ஒன்று உண்டு. அச்சரித்திரத்தில் தமிழருடைய பங்கு பெரிது. ஆயினும் அதை எடுத்துச் சொல்வோர் அரியர் ஆதலின், கூடியவரை கிரமமாக இங்கே சொல்ல முற்படுகிறேன்.

கெம்பே கௌடர் 1537ஆம் ஆண்டில் மண்கோட்டை எழுப்பி அமைத்த பேட்டையே பழைய பெங்களூர். அரிசிக்கு ஒரு தெரு, பருத்திக்கு ஒரு தெரு என்று தொழிலும் வியாபாரமும் நெருங்கிக் கிடந்த ஊர் அது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கிய ஆங்கிலேயப் படை அங்கே காய்ச்சலால் மிகவும் துன்புற்றதனால், கடல்மட்டத்துக்கு 3,000 அடி உயரத்தில் குளிர்ந்த காற்றும் மேட்டுநிலமும் கொண்ட பெங்களூருக்கு 1809இல் அதனை இடம் மாற்றினார்கள். பேட்டைக்குக் கிழக்கே, அல்சூர் ஏரியை அடுத்த வெளியில், கண்டோன்மெண்ட் என்னும் இரண்டாவது ஊர் இவ்வாறு உருவாயிற்று. 1881இல் மைசூர் ராஜ்யம் மகாராஜாவிடம் திருப்பி அளிக்கப்பட்டபோதும் இந்தப் பகுதியை மட்டும் ஆங்கிலேயர் தம்மிடமே வைத்துக்கொண்டு, 1947 ஜூலை வரையில் விடாது ஆண்டார்கள். ஒரே பெயருடைய இரு ஊர்கள், நடுவே ஒரு பூங்கா, இரண்டு நிர்வாகங்கள், இரண்டு வாழ்க்கை முறைகள் என்பதே ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டுக்காலம் பெங்களூரின் நிலை.

கண்டோன்மெண்டிலும் ஜனங்கள் அனைவரும் ஒரே விதமாகக் குடியிருக்கவில்லை. படையைத் தொடர்ந்து வந்த சிப்பாய்கள், சமையற்காரர், சலவைத் தொழிலாளர், கொத்தர், தச்சர், வண்டிக்காரர், துபாஷிகள், கடைக்காரர் ஆகியோரில் மிகப்பெரும் பகுதியினர் வடாற்காடு, செங்கற்பட்டு, சேலம் ஜில்லாக்களிலிருந்து வந்த தமிழர்கள். அவர்கள் இன்று சிவாஜிநகர் என்று சொல்லப்படும் பிளாக்பள்ளியிலும் அல்சூரிலும் நெருக்கமாக வாழ்ந்தார்கள். தண்டு மாரியம்மன் கோயில் அவர்களுடைய பக்திக்கு இன்றும் சாட்சியாக இருக்கிறது. படை அதிகாரிகளுக்கும் உத்தியோகஸ்தர்களுக்குமோ, அணிவகுப்புத் திடலைச் சூழ்ந்தும் அதற்குத் தெற்கேயும், ஏக்கர் கணக்கில் தோட்டமும் சுற்றுமதிலும் கூடிய பங்களாக்கள் ஒதுக்கப்பட்டன. அந்த விஸ்தீரணமான தோட்டங்களே பின்னாளில் கோபுரங்களுக்கு அஸ்திவாரமான நிலங்கள் என்பதனால், அவற்றைச் சற்று நின்று பார்க்கவேண்டும்.

பெங்களூர் பங்களாவின் முகப்பில் கூர்மையான முக்கோண முகடு ஒன்று இருக்கும். அதன் அடியில் மெல்லிய மரச்சட்டங்களைச் செங்குத்தாக வரிசைப்படுத்தி, அவற்றின் நுனிகளை வளைவாகச் செதுக்கித் தொங்கவிட்டிருப்பார்கள். ஜன்னல்களின் தலைமேலும் இதேபோன்ற சிறு முகடுகள் இருக்கும். இதற்கு மங்கி டாப் என்று பெயர். வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விடுவதற்கு இதைவிடத் தகுந்த ஏற்பாடு அக்காலத்தில் இல்லை. உள்ளே சிவப்புக் காவிபோல மின்னும் தரை, இருபதடி எட்டும் கூரை. வெளியே தூண்கள் நிறைந்த தாழ்வாரம், வீட்டோடு ஒட்டாமல் பின்புறம் தனித்து நிற்கும் சமையற்கட்டு, அதற்கும் பின்னால் குதிரை லாயமும் வேலைக்காரர் வரிசை வீடுகளும், ஒரு கிணறும். சில பங்களாக்களுக்கு ஓடு வேய்ந்தார்கள். சிலவற்றுக்கு மெட்ராஸ் டெரஸ் என்னும் தளம் போட்டார்கள். மர விட்டங்களின்மேல் மெல்லிய சிறு செங்கற்களைக் கோணவாட்டில் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் காரையால் பிணைத்து, அதன்மேல் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கைக்கட்டையால் நாட்கணக்காகத் தட்டித் தட்டித் தளத்தை இறுகச் செய்வார்கள். கட்டை துள்ளும் ஓசை மாறுவதைக் கேட்டே காரை இறுகியதை மேஸ்திரி அறிந்துகொள்வார். அந்தப் பெண்களும் மேஸ்திரிகளும் பெரும்பாலும் தமிழ் பேசியவர்களே. எந்தக் கல்வெட்டிலும் அவர்கள் பெயர் இல்லை.

பெயர் நிலைத்தவர் ஒருவர் உண்டு. 1827இல் பிறந்து, வறுமையிலிருந்து தம் உழைப்பால் உயர்ந்த ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் கண்டோன்மெண்டின் தலைசிறந்த வியாபாரியும் கட்டட ஒப்பந்தக்காரரும் ஆவார். கப்பன் பூங்காவின் ஓரத்தில் சிவந்து நிற்கும் அட்டாரா கச்சேரி, இன்றைய உயர்நீதிமன்றம், அவர் ஏற்று நடத்திய வேலை. 1868இல் அது முடிந்தது. 1873இல் ஏழைப் பிள்ளைகளுக்காக அவர் தொடங்கிய பள்ளி அவருடைய பெயரின் முதலெழுத்துக்களையே தாங்கி வளர்ந்து பல கல்வி ஸ்தாபனங்களாகக் கிளைத்திருக்கிறது. மாளிகை கட்டிச் சம்பாதித்த பொருளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த இம்மனிதரை, இன்றைய கட்டட நிறுவனங்களின் சரித்திரத்துக்கு முதல் அத்தியாயமாக வைக்கத் தகும் என்பது என் துணிபு.

இனி நீரைப் பற்றிச் சொல்லாமல் இந்நிலத்தைப் பற்றிச் சொல்லுதல் இயலாது. ஜீவநதி எதுவும் அருகில் இல்லாத மேட்டு நகரம் பெங்களூர். ஏரிகளே அதற்கு உயிர். விட்டல் மல்லையா சாலைக்கு மிக அண்மையில், இன்று கண்டீரவா விளையாட்டரங்கம் பரந்து கிடக்கும் இடத்தில், சம்பங்கி ஏரி இருந்தது. கண்டோன்மெண்டுக்குக் குடிநீர் தந்த ஏரிகளில் அதுவும் ஒன்று. அதன் பாசனத்தில் காய்கறியும் பூவும் பயிரிட்டவர்கள் திகளர் என்னும் வன்னிகுல க்ஷத்திரியர்கள். தமிழ்நாட்டுத் தொடர்புடைய இவர்களே தோட்டக்கலையில் பெங்களூருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர்கள். வடாற்காட்டிலும் தென்னாற்காட்டிலும் திரௌபதியம்மன் தீமிதியைக் கண்டவர்கள், சைத்ர மாதப் பௌர்ணமியில் தர்மராயர் கோயிலிலிருந்து புறப்படும், திகளர் திரௌபதிக்கு எடுக்கும் பெங்களூர்க் கரகத்தைக் கண்டால், தம் ஊரின் உறவை உடனே உணர்வார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹெஸரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தவுடன், அதுவரை ஏரிக்கு இருந்த மதிப்பு போயிற்று. ஏரி நிரம்பினால் தம் இருப்பிடங்களுக்குச் சேதம் விளைகிறது என்று முறையிட்டவர்களும், வற்றிய படுகையைப் போலோ ஆட்டத்துக்கு வேண்டியவர்களும் ஒருபுறம். நீரைத் தேக்கி வைத்தாலன்றித் தம் பயிர் பிழைக்காது என்று விண்ணப்பித்த தோட்டக்காரர்கள் மறுபுறம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடந்த இந்த வழக்கில் தோட்டக்காரர்கள் தோற்றார்கள். ஏரி திடலாயிற்று, திடல் விளையாட்டரங்கமாயிற்று. ஒரு சிறு குளம் மட்டும் எஞ்சியது. கரகத்தின் சடங்குகளில் ஒன்று அக்குளக்கரையில் நடக்கும் வழக்கத்தைத் திகளர் விடவில்லை. இன்று அந்த வட்டாரத்தில் ஒரு சதுர அடியின் விலையைக் கேட்போர், அந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் யாருடைய ஏற்றத்துக்கும் கீரைப் பாத்திக்கும் பயன்பட்டது என்பதையும் ஒருமுறை கேட்டறிதல் நியாயம்.

1898இல் பிளேக் நோய் வந்து நெருங்கிய பேட்டையைச் சூறையாடியபின், பஸவனகுடி, மல்லேஸ்வரம் முதலிய புதிய விஸ்தரிப்புகளில் நேரான வீதிகளும் தனித்தனி மனைகளும் எழுந்தன. கண்டோன்மெண்டிலும் பிரேசர் டவுன் போன்ற புறநகர்கள் பிறந்தன. 1905இல் சிவசமுத்திரத்து மின்சாரம் நகரத் தெருக்களில் விளக்கேற்றியது. 1909இல் பெங்களூர்க் கட்டடக் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது; இந்தியாவின் முதல் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் இதுவே. மத்தியதர வகுப்பார் பலர் சேர்ந்து நிலத்துக்கும் வீட்டுக்கும் முயலலாம் என்னும் எண்ணம் இந்த நாட்டில் ஸ்தாபன ரூபம் பெற்றது பெங்களூரில்தான். ஆனால் அந்தக் கூட்டுறவின் இலட்சியம் தனிமனை, தனிவீடு, முன்னால் ஒரு தோட்டம் என்பதே. சுவரையும் கூரையையும் அயலாரோடு பங்கிட்டு வாழும் எண்ணம் வருவதற்கு இன்னும் அறுபது ஆண்டுகள் ஆயின.

அந்த எண்ணத்துக்குப் பொறியியல் மட்டும் போதாது, சட்டமும் வேண்டியிருந்தது. நிலத்தை உடையவனே அதன்மேல் நிற்கும் யாவற்றையும் உடையவன் என்பது பழைய நியதி. அப்படியானால் பத்தாவது அடுக்கில் வீடு வாங்குபவன் எதை வாங்குகிறான்? இந்தச் சிக்கலுக்குப் பல தேசங்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் விடை தேடின. 1958இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலும், 1961இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் ராஜ்யத்திலும், 1967இல் சிங்கப்பூரிலும் சட்டங்கள் பிறந்தன. 1970இல் மகாராஷ்டிரமும், 1972இல் கர்நாடகமும் அபார்ட்மெண்ட் உடைமைச் சட்டம் இயற்றின. தமிழ்நாட்டில் அது 1994இல் வந்தது. இச்சட்டங்களின் சாரம் ஒன்றே: நான்கு சுவருக்கு உட்பட்ட வீடு ஒருவனுக்குத் தனியுடைமை, நிலமும் படிக்கட்டும் மின்தூக்கியும் மொட்டைமாடியும் எல்லோருக்கும் பொது, அப்பொதுவில் ஒவ்வொருவருக்கும் பிரிபடாத பாகம் ஒன்று கிரயப் பத்திரத்தில் எழுதப்படும்.

இதே காலத்தில் 1976ஆம் ஆண்டு நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டமும் வந்தது. பெங்களூர் போன்ற நகரங்களில் ஒருவர் 1,000 சதுர மீட்டருக்கு மேல் காலி நிலம் வைத்திருக்கலாகாது என்றது அது. முன்பே வாரிசுகளுக்கிடையே பாகமாகிக்கொண்டிருந்த பங்களாத் தோட்டங்களைக் காப்பாற்றுவது இன்னும் கடினமாயிற்று. ஓடு மாற்றுவதற்கும் கறையான் அரித்த விட்டத்தைப் புதுப்பிப்பதற்கும் பொருள் இல்லாத குடும்பங்கள், நிலத்தைக் கட்டட நிறுவனத்திடம் ஒப்படைத்து, எழும்பும் வீடுகளில் ஒரு பகுதியைத் தாம் பெற்றுக்கொள்ளும் கூட்டு ஒப்பந்த முறையை மேற்கொண்டன. லாவெல் சாலை, ரிச்மண்ட் டவுன், கன்னிங்ஹாம் சாலைப் பகுதிகளில் மங்கி டாப் முகடுகள் ஒவ்வொன்றாக மறைந்தது இவ்விதமே. இழப்பு பெரிதுதான். எனினும் அக்குடும்பங்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. பாரம்பரியம் என்று நாம் போற்றும் பொருளைக் காக்கும் செலவை ஒரு தனி வீட்டார்மேல் முழுவதும் சுமத்திவிட்டு, நாம் வெளியிலிருந்து வருந்துவது தர்மமாகாது.

உயரம் முதலில் வந்தது வீடுகளுக்கன்று. 1973இல் மகாத்மா காந்தி சாலையில் 25 அடுக்குகளோடு எழுந்த பப்ளிக் யுடிலிட்டி கட்டடம், நகரசபையின் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் உரியது. உயரக் கட்டும் ஆசைக்கு எச்சரிக்கையாக, 1983 செப்டம்பரில், கட்டப்பட்டுவந்த கங்காராம் கட்டடம் இடிந்து விழுந்து, நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அவ்வளவு பெரிய துக்கத்துக்குப் பின்னும் நகரம் மேலே மேலே சென்றது. ஏனெனில் ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் மில்லர்ஸ் சாலையில் தன் மென்பொருள் நிலையத்தைத் தொடங்கியது. 1991க்குப்பின் அந்தத் தொழில் பெருவெள்ளமாயிற்று. பிரஸ்டீஜ், பிரிகேட் என்னும் கட்டட நிறுவனங்கள் இரண்டும் 1986இல் பிறந்தவை என்பதைக் கவனித்தால், காலத்தின் போக்கு விளங்கும்.

பெருஞ்செல்வர் கோபுரத்தில் குடியிருக்க விரும்புவது பெங்களூருக்கே உரிய புதுமையன்று. நியூயார்க்கில் 1929ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று விஸ்தாரமான மனைகளில் மட்டும் உயர்ந்த கோபுர வீடுகளுக்கு இடமளித்ததன் பயனாக, மறு ஆண்டிலேயே சான் ரெமோ என்னும் மாளிகை, ஒரே அடித்தளத்தின்மேல் இரு கோபுரங்களாக, சென்ட்ரல் பார்க் பூங்காவை நோக்கி எழுந்தது. ஒன்றாகப் பருத்து நிற்பதைவிட இரண்டாக மெலிந்து நின்றால் எல்லா வீடுகளுக்கும் வெளிச்சமும் காட்சியும் கிடைக்கும் என்னும் யுக்தியை உலகம் முழுவதும் பின்பற்றியது. மும்பை தார்தேவில் 2010இல் முடிந்த இம்பீரியல் இரட்டைக் கோபுரங்கள், குடிசைவாசிகளுக்கு அதே இடத்தில் மாற்று வீடு கட்டித் தந்து மீந்த நிலத்தில் எழுந்தவை. கொழும்பில் பெய்ரா ஏரிக்கரையில் ஒரு கோபுரம் நிமிர்ந்தும் மற்றொன்று அதன்மேல் சாய்ந்தும் நிற்கும் ஆல்டேர் மாளிகையும் இந்த வம்சத்ததே.

பெங்களூரில் இரட்டைக் கோபுரம் ஒன்று எழுந்த நிலம் பங்களாத் தோட்டமன்று, பஞ்சாலை. மாகடி சாலைப் பக்கம் மினர்வா மில் இயங்கிய இடத்தில் இன்று சோபா இந்திரபிரஸ்தா நிற்கிறது. நஷ்டத்தில் இருந்த அந்த ஆலையை அரசாங்கம் எடுத்துக்கொண்டதை எதிர்த்து அதன் உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில்தான், பாராளுமன்றத்தின் திருத்தும் அதிகாரத்துக்கு எல்லை உண்டு, அரசியல் சாசனத்தின் அடிப்படை அமைப்பை எவரும் அழிக்க இயலாது என்று சுப்ரீம் கோர்ட் 1980இல் மீண்டும் உறுதிப்படுத்தியது. தேசம் முழுவதற்கும் பாதுகாப்பான அத்தீர்ப்புக்குப் பெயர் கொடுத்த ஆலையின் நினைவாக, அவ்விடத்தில் பெரிய கல்வெட்டு ஒன்று நிறுத்தினாலும் தகும்.

விட்டல் மல்லையா சாலைக்குத் திரும்புவோம். 1915இல் தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் தென்னாட்டு மதுபான ஆலைகள் சிலவற்றை இணைத்து யுனைடெட் புரூவரீஸ் கம்பெனியை நிறுவினார். 1947இல் அதன் முதல் இந்திய டைரக்டராகி, மறு ஆண்டில் தலைவரானவர் விட்டல் மல்லையா. கம்பெனிக்குரிய 13 ஏக்கரில் யு.பி. சிட்டி எழுந்தது, அதை அடுத்து மல்லையா குடும்பத்தின் பூர்வீக இல்லம் இருந்த நாலரை ஏக்கரில், பிரஸ்டீஜ் நிறுவனத்தோடு 2010இல் செய்த கூட்டு ஒப்பந்தப்படி, எண்பதுக்குச் சற்று மேற்பட்ட வீடுகளோடு கோபுரங்கள் எழுந்தன. ஒவ்வொரு வீடும் சுமார் 8,000 சதுர அடி. உச்சியில், பழைய இல்லத்துக்கு ஈடாக, சுமார் 40,000 சதுர அடியில் ஒரு மாளிகை திட்டமிடப்பட்டது. தரையில் இருந்த பங்களா அப்படியே கோபுரத்தின் தலைமேல் ஏறியது எனலாம்: அதே தனிமை, அதே அகலம், அதே சுற்றுமதில். குடும்பத் தொழில்களின் வீழ்ச்சியும், விட்டல் மல்லையாவின் மகன் விஜய் மல்லையா 2016 மார்ச்சில் தேசத்தை விட்டுச் சென்றதும் எல்லோரும் அறிந்தவை. இங்கே அவற்றை விரிக்க வேண்டுவதில்லை.

அந்த உயரத்துக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்பதே எனக்கு மேலான கேள்வி. ஹெஸரகட்டாவுக்குப் பின் 1933இல் திப்பகொண்டனஹள்ளி; அதுவும் போதாமல் 1974இலிருந்து காவிரி. சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்கு இறைத்து நகரத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அதன்பின் கட்டடத்தின் நிலத்தடிச் சம்ப்பிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்கு மறுபடியும் ஏற்றவேண்டும். கோடையில் குழாய் வறண்டால் தண்ணீர் லாரிகள் வாசலில் வரிசையாக நிற்கும். கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு ஏரியைத் தூர்த்த நகரம், மலைச்சரிவுகளைக் கடந்து வேற்று நதியை ஏற்றிக்கொண்டிருக்கிறது.

நிலக்கணக்கு ஒன்று மீதி இருக்கிறது. நாலரை ஏக்கர் என்பது சுமார் 1,96,000 சதுர அடி. அதைச் சம பாகமாகப் பிரித்தால், எண்பத்துச் சொச்சம் குடும்பங்களில் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது ஏறத்தாழ 2,400 சதுர அடி. சென்னைவாசிக்கு ஒரு கிரவுண்டு, பெங்களூர்வாசிக்கு அறுபதுக்கு நாற்பது சைட். மல்லேஸ்வரத்தில் ஒரு குமாஸ்தா முன்னாளில் வாங்கிய மனையின் அளவு அது. ஆனால் அதன் நான்கெல்லையை எவரும் காட்ட இயலாது. கான்கிரீட்டுக்கும் ஆயுள் உண்டு. கோபுரம் தளர்ந்து இடிக்கவேண்டிய நாள் வரும்போது, நிலத்தை என்ன செய்வது என்பதை அத்தனை பாகஸ்தர்களும் கூடியே தீர்மானிக்கவேண்டும். தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கினர் இசைந்தால் மறுகட்டுமானம் செய்யலாம் என்று வழி வகுத்திருக்கிறது. கர்நாடகமோ, கோபுரங்கள் இவ்வளவு உயரும் என்று எவரும் கருதியிராத 1972ஆம் ஆண்டின் சட்டத்தைக் கொண்டே நெடுங்காலம் காரியத்தை நடத்தி வந்திருக்கிறது.